வைரஸ் பாதி, வம்சம் பாதி

ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமக்கும் எல்லோருக்கும் கல்லீரல் புற்றுநோய் வருவதில்லை. யாருக்கு வரும் என்பதை வைரஸின் உருமாற்றமும் மனிதரின் மரபணுவும் கூட்டுச் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

தைவான் அரசு ஊழியர்கள் 22,707 பேர். எல்லோரும் ஆண்கள். 1975க்கும் 1978க்கும் இடையே அவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்துக் குறித்துவைத்துக்கொண்ட அமெரிக்க டாக்டர் பால்மர் பீஸ்லியும் அவரது குழுவினரும் அதன்பிறகு காத்திருந்தார்கள். அரசு ஊழியர்கள் என்பதால் ஒரு வசதி. யார், எந்த நோயால் இறந்தார் என்பது காப்பீட்டுப் பதிவேட்டில் ஏறிவிடும். 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. கல்லீரல் புற்றுநோய்க்குப் பலியானவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது. வைரஸ் இல்லாத 19,253 பேரில் இந்த நோய்க்குப் பலியானவர் ஒரே ஒருவர்.

அபாயம் 223 மடங்கு என்று கணக்கிட்டார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவைவிடப் பல மடங்கு நெருக்கமான உறவு இது. கல்லீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் இந்த வைரஸ்தான் என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் இன்னொரு கேள்வி எழுகிறது. வைரஸைச் சுமந்தவர்கள் 3,454 பேர். அந்தச் சில ஆண்டுகளில் புற்றுநோய்க்குப் பலியானவர்கள் 40 பேர். மற்றவர்கள்? பின்னாளில் சிலருக்கு வந்தது. பலருக்கு வரவே இல்லை. அதே தீவு, அதே வைரஸ், ஏறக்குறைய அதே வாழ்க்கை. பிறகு ஏன் இந்தப் பாரபட்சம்?

இது ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடும் கேள்வி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸை நீடித்துச் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஒரு நாள் வயிறு வீங்குகிறது, உடம்பு இளைக்கிறது. குடியைத் தொட்டே இராத மனிதரைப் பார்த்து ஊரார் 'குடித்திருப்பார்' என்கிறார்கள். அவருடைய அண்ணனும் அதே நோயில் போயிருந்தால், 'அது அந்தக் குடும்பத்து வியாதி' என்று தீர்ப்பு மாறுகிறது. முதல் தீர்ப்பு அநியாயம். இரண்டாவது தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அந்தப் பாதியில்தான்.

ஜீனைத் தேடியவர் கண்ட வைரஸ்

குடும்ப வியாதியா, தொற்று வியாதியா என்ற குழப்பம் இந்த வைரஸைக் கண்டுபிடித்தவருக்கே இருந்தது. அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க், மருத்துவ மாணவராகத் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குப் போனார். ஆப்பிரிக்கா, இந்தியா, ஜாவா எனப் பல தேசத்து வம்சாவளியினர் ஒரே இடத்தில் வாழ்ந்த நாடு அது. யானைக்கால் நோய் எல்லோரையும் ஒரே அளவில் தாக்கவில்லை என்பதை அங்கே கவனித்தார். ஒரே நோய் ஒருவரைப் பிடித்து இன்னொருவரை விட்டுவிடுவது ஏன்? பரம்பரையாக வரும் வித்தியாசம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைத்த பிளம்பர்க், உலகமெங்கும் ரத்த மாதிரிகளைத் திரட்டத் தொடங்கினார்.

அவர் தேடியது ரத்தப் புரதங்களில் உள்ள மரபு வேறுபாடுகளை. கிடைத்தது வேறு. நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் ரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்திலிருந்த ஏதோ ஒரு புரதத்துடன் வினைபுரிந்தது. அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். குடும்பம் குடும்பமாக அது காணப்பட்டதால் பரம்பரைப் பண்பு என்றே முதலில் கருதினார்கள். அது இல்லாதிருந்த ஒருவரின் ரத்தத்தில் திடீரென்று அது தோன்றி, கூடவே கல்லீரல் அழற்சியும் தோன்றியபோதுதான் விஷயம் விளங்கியது. அது மனிதப் புரதமே அல்ல, ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை.

குடும்பம் குடும்பமாக வந்ததற்கும் காரணம் தெரிந்தது. வைரஸைச் சுமக்கும் தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றுகிறது. பெரியவர்களைத் தொற்றினால் 100 பேரில் 95 பேருக்கு மேல் தாமாகவே விடுபட்டுவிடுகிறார்கள். பிறந்த குழந்தையைத் தொற்றினால் 10இல் 9 குழந்தைகளிடம் ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. ஜீன் வழியாக வராமலே அது பரம்பரைச் சொத்தைப் போல நடந்துகொள்கிறது. 1976இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஜீனைத் தேடிப் போனவர் வைரஸைக் கண்டார். அவருக்குப் பின் வைரஸைத் தேடிப் போனவர்கள் மறுபடி ஜீனில் வந்து நிற்கிறார்கள்.

சிலேடை எழுதும் வைரஸ்

முதலில் வைரஸைப் பார்ப்போம். மனிதனின் மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்டது. ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு இருப்பது ஏறத்தாழ 3,200 எழுத்துகள்தான். அதற்குள் எல்லாவற்றையும் அடக்க, எழுத்துகளை அது இரட்டை வேலை வாங்குகிறது. ஒரு புரதத்துக்கான வாசகமும் இன்னொரு புரதத்துக்கான வாசகமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. எங்கே பிரித்துப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. காளமேகப் புலவரின் சிலேடை போலத்தான். அதில் ஓர் எழுத்து மாறினால் இரண்டு பொருளுமே மாறிவிடும்.

எழுத்து மாறுவதோ வெகு சுலபம். நீடித்த தொற்றில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான கோடி புது வைரஸ்கள் பிறக்கின்றன. வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. ஆகவே ஒரே மனிதரின் கல்லீரலில், ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமான வைரஸ்கள் கூட்டமாக வாழ்கின்றன.

இவற்றில் பெரும்பாலான மாற்றங்களால் எந்த விளைவும் இல்லை. சில மட்டும் பெயர்போனவை. வைரஸின் 1762ஆம் இடத்தில் 'ஏ' என்ற எழுத்துக்குப் பதில் 'டி', 1764ஆம் இடத்தில் 'ஜி'க்குப் பதில் 'ஏ' என்று ஜோடியாக வரும் மாற்றம் அவற்றில் முக்கியமானது. வைரஸின் உற்பத்தியை முடுக்கும் விசை இருக்கும் பகுதி அது. சிலேடை எழுத்து என்பதால், 'எக்ஸ்' எனப்படும் வைரஸ் புரதமும் கூடவே மாறுகிறது. மனித செல்லின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டில் தலையிடும் புரதம் அது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான 'ப்ரீ-எஸ்' பகுதியில் எழுத்துகள் விடுபட்டுப் போவது இன்னொரு மாற்றம். அப்போது குறைப்பட்ட புரதம் வெளியேற முடியாமல் செல்லுக்குள் தேங்குகிறது. செல் திணறுகிறது, அதன் மரபணுவும் சேதமடைகிறது.

தைவானில் 3,653 வைரஸ் சுமப்பவர்களைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2006இலும் 2008இலும் வெளிவந்தன. ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், ஒரு மில்லி லிட்டருக்குப் பத்து லட்சம் வைரஸுக்கு மேல் இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் வந்தது. 1762, 1764 ஜோடி மாற்றம் உள்ள வைரஸைச் சுமந்தவர்களுக்கு அபாயம் கூடியது. வைரஸின் வகைகளில் 'பி'யைவிட 'சி' மோசமாக இருந்தது. எல்லா உருமாற்றமும் கெடுதல் என்றும் சொல்ல முடியவில்லை. 1896ஆம் இடத்தில் வரும் மாற்றம் இந்த ஆய்வில் குறைந்த அபாயத்துடனேயே சேர்ந்திருந்தது.

வீட்டுக்காரரின் சுபாவம்

வைரஸ் வாடகைக்கு வந்தவர் என்றால், வீட்டுக்காரரின் சுபாவமும் முக்கியம். கதவிலிருந்தே தொடங்கலாம். கல்லீரல் செல்லுக்குள் வைரஸ் எந்த வழியாக நுழைகிறது என்பதை 2012இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லி தலைமையிலான குழு கண்டுபிடித்தது. பித்த உப்புகளை செல்லுக்குள் எடுத்துச்செல்லும் 'என்டிசிபி' என்ற புரதம்தான் அந்தக் கதவு. கிழக்காசியாவில் சிலருக்கு இந்தப் புரதத்தின் 267ஆம் இடத்தில் பிறவியிலேயே ஒரு சிறு மாற்றம் இருக்கிறது. அவர்களின் கதவை வைரஸால் எளிதில் திறக்க முடிவதில்லை. நீடித்த தொற்று அவர்களிடம் குறைவு.

அடுத்தது காவல்காரர். உள்ளே நுழைந்த கிருமியின் துண்டை எடுத்து, 'இதோ எதிரி' என்று வெள்ளணுக்களுக்குக் காட்டுவது 'எச்எல்ஏ' என்ற புரதக் குடும்பத்தின் வேலை. மனிதருக்கு மனிதர் இது வெகுவாக மாறுபடும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எச்எல்ஏ-டிபி மரபணுவின் வடிவத்தைப் பொறுத்தே வைரஸ் விரட்டப்படுகிறதா, தங்கிவிடுகிறதா என்பது பெரிதும் அமைகிறது என்று 2009இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினார்கள். எச்எல்ஏ-டிகியூ, ஸ்டாட்4 ஆகிய மரபணுக்களின் சில வடிவங்களுக்குப் புற்றுநோயுடனேயே தொடர்பு இருப்பதாக 2013இல் சீன ஆய்வு ஒன்று தெரிவித்தது.

இந்த மரபணுக்கள் எதுவும் புற்றுநோயைத் தாமாகக் கொண்டுவருபவை அல்ல. அதைத் தெளிவாக்கும் கணக்கும் தைவானிலிருந்தே வந்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வில் மக்களை நான்காகப் பிரித்துப் பார்த்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோய் வந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே. வைரஸ் உள்ளவர்களில் 7.5 சதவீதம். வைரஸும் இருந்து, குடும்பத்திலும் நோய் இருந்தால் 15.8 சதவீதம். வைரஸ் இல்லாத இடத்தில் வம்சம் வாய் திறப்பதில்லை. வைரஸ் இருக்கும் இடத்தில் அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது.

அரைகுறைச் சண்டை

இரண்டும் எப்படிக் கைகோர்க்கின்றன? உடலின் எதிர்ப்புச் சக்தி பலமாகத் தாக்கினால் வைரஸ் ஒழிந்துவிடுகிறது, பிரச்சினை தீர்ந்தது. குழந்தைப் பருவத்தில் நடப்பதுபோல வைரஸைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிட்டால், பல ஆண்டுகள் அமைதியாகக் கழிகின்றன. ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வைரஸை ஒழிக்கவும் முடியாமல், விட்டுவிடவும் மனமில்லாமல், உடல் அரைகுறையாகச் சண்டை போடுவதுதான் அது.

இந்தச் சண்டை 20, 30 ஆண்டுகள் நீடிக்கும். வெள்ளணுக்கள் பாய்ந்து வைரஸ் குடியிருக்கும் கல்லீரல் செல்களைக் கொல்கின்றன. இறந்த செல்களை ஈடுகட்டப் புதிய செல்கள் பிறக்கின்றன. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் மரபணுவை நகலெடுப்பதில் பிழை வர வாய்ப்பு உண்டு. தழும்பேறித் தழும்பேறிக் கல்லீரல் சுருங்குகிறது. இன்னொரு பக்கம், காவல்காரர் கண்ணில் படாத உருமாறிய வைரஸ்கள் தப்பிப் பெருகுகின்றன. வைரஸின் மரபணுத் துண்டுகள் மனித மரபணுவுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு. செல்லுக்கு மூப்பே வராமல் தடுக்கும் 'டெர்ட்' என்ற மரபணுவின் அருகில் ஒட்டினால் வினைதான். கல்லீரல் புற்றுக் கட்டிகளில் இந்த இடத்தில் வைரஸ் அடிக்கடி தென்படுகிறது.

ஆக, எந்த உருமாற்றம் தப்பிப் பிழைக்கும் என்பதை மனிதரின் மரபணு சலித்தெடுக்கிறது. ஷாங்காயில் உள்ள இரண்டாம் ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் காவ் குவாங்வென் குழுவினர் இதைத்தான் தேடினார்கள். எச்எல்ஏ-டிபி மரபணுவின் வடிவத்துக்கும் வைரஸில் காணப்படும் உருமாற்றங்களுக்கும் தொடர்பு இருப்பதை 2013இல் அவர்கள் காட்டினார்கள். அழற்சியை நடத்திச்செல்லும் ஸ்டாட்3 என்ற மரபணுவின் சில வடிவங்களும் வைரஸின் சில உருமாற்றங்களும் சேரும்போது புற்றுநோய் அபாயம் மாறுவதையும் அதே ஆண்டில் வெளியிட்டார்கள்.

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. வைரஸை அழிக்க நம் உடல் வைத்திருக்கும் ஆயுதங்களில் ஒன்று 'அபோபெக்3' என்ற நொதிக் குடும்பம். வைரஸின் எழுத்துகளைத் தாறுமாறாக மாற்றிச் செயலிழக்க வைப்பது இதன் வேலை. மாற்றம் அளவாகப் போய்விட்டால் வைரஸ் சாவதில்லை, உருமாறுகிறது. இதே நொதி நம் மரபணுவின் எழுத்துகளிலும் கைவைக்கக்கூடும். நாம் வீசிய கத்தியே எதிரியின் கைக்குப் போவது போன்ற நிலை.

மூன்றாவதாக ஒரு கூட்டாளியும் உண்டு. ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூக்கும் பூஞ்சை சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு. ஷாங்காயில் 18,244 ஆண்களை ஆராய்ந்து 1990களில் வெளியிட்ட கணக்கு இது: அஃப்ளடாக்சின் மட்டும் இருந்தால் அபாயம் 3.4 மடங்கு. வைரஸ் மட்டும் இருந்தால் 7.3 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 59.4 மடங்கு. கூட்டல் கணக்காக இருந்தால் பத்தோ பதினொன்றோதான் வந்திருக்க வேண்டும். இந்த நோயில் காரணங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன.

நாம் செய்ய வேண்டியது

அப்படியானால் எல்லோரும் ஜீன் பரிசோதனைக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். இந்த மரபணு வடிவங்கள் ஒவ்வொன்றும் அபாயத்தைச் சிறிதளவே கூட்டியோ குறைத்தோ விடுகின்றன. ஓர் ஊரில் கண்டது இன்னோர் ஊரில் பொருந்தாமலும் போகிறது. 2010இல் சீனாவில் 'கிஃப்1பி' என்ற மரபணுவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேலும், தைவானிலும் சீனாவிலும் பரவியிருப்பவை 'பி', 'சி' வகை வைரஸ்கள். இந்தியாவில் பெரும்பாலும் 'டி'யும் 'ஏ'யும். அங்கே போட்ட கணக்கை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது.

ஆனால் பாடத்தை இறக்குமதி செய்யலாம். குடும்பத்தில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி அல்லது கல்லீரல் புற்றுநோய் என்றால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் தாயாரும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிளம்பர்க் கண்ட அதே ஆஸ்திரேலியா ஆன்டிஜெனைத் தேடும் எளிய பரிசோதனைதான். வைரஸ் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசி. வைரஸ் இருந்தால் டாக்டரின் தொடர் கண்காணிப்பு. தேவைப்படுவோருக்கு டெனோஃபோவிர், என்டகாவிர் போன்ற மாத்திரைகள் உண்டு. அவை வைரஸை அடியோடு துரத்துவதில்லை. பெருகவிடாமல் அடக்கி, புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கின்றன. அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அவசியம். குடும்பத்தில் ஏற்கெனவே புற்றுநோய் வந்திருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் குணப்படுத்த வழி உண்டு. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கீழாநெல்லி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை பிளம்பர்க்கே கேட்டிருக்கிறார். சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் பிளம்பர்க்குடன் சேர்ந்து 1988இல் 'லான்செட்'டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக அது சொன்னது. உலகமே ஆவலோடு திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த வெற்றி கிட்டவில்லை. கஷாயம் குடித்துக் கண்ணின் மஞ்சள் தெளிந்துவிட்டது என்று பரிசோதனையை விட்டுவிடுவதுதான் ஆபத்து. மஞ்சள் தெளிந்த பிறகும் வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவில் பதுங்கியிருக்கலாம்.

இவ்வளவு சிக்கலான நோய்க்கு மிக எளிய தடுப்பு ஒன்றும் இருக்கிறது. 1984இல் தைவான், வைரஸைச் சுமக்கும் தாய்மாரின் பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. இரண்டே ஆண்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவுபடுத்தியது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்ற அளவிலிருந்து 1990-94இல் 0.36 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய பாதி. ஒரு தடுப்பூசியால் புற்றுநோயையே குறைக்க முடியும் என்று உலகம் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். அந்தப் பிள்ளைகளின் எச்எல்ஏ வடிவம் மாறவில்லை, பெற்றோரின் வம்சமும் மாறவில்லை. வைரஸ் மட்டும் வந்து சேரவில்லை.

இந்தியாவில் 2002இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய இந்தத் தடுப்பூசி 2011க்குள் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. முதல் ஊசி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள். பிறகு 6, 10, 14 வாரங்களில் மற்ற ஊசிகள். கர்ப்ப காலத்தில் தாய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை. அவருக்கு வைரஸ் இருப்பது தெரிந்தால், குழந்தைக்கு முதல் ஊசியோடு எதிர்ப்புப் புரத ஊசியும் சேர்த்துப் போடலாம். வைரஸ் மிக அதிகமாக இருந்தால் பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு மாத்திரை தரலாம். வீட்டில் நடக்கும் பிரசவத்திலும், விடுமுறை நாள் பிரசவத்திலும் தவறிப்போவது பெரும்பாலும் அந்த முதல் ஊசிதான். பிரசவ வார்டில் குழந்தையைக் கையில் வாங்கும் பாட்டியோ அத்தையோ நர்ஸிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போட்டாயிற்றா?